நோட்டை மூடு, பழத்தை வெட்டு

லாபிஸிலிருந்து ஓர் அக்கா நம் வானொலி நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை, முதலாம் ஆண்டு. இந்தச் செமஸ்டரில் மரபியல் பாடம்.

"லீவுக்கு வந்த பிள்ளை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்குது தம்பி. நோட்டு முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ்னு கோடு போட்டு வச்சிருக்கு. ஆனா பாதி செமஸ்டர் சோதனையில நூத்துக்கு 38. இந்தக் கோர்ஸே வேணாம்னு அழுவுது. அவங்கப்பா தோட்டத்து வேலையில சம்பாதிச்சுப் படிக்க வைக்கிறாரு. நமக்கெல்லாம் இது வராதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. மாத்திடலாமா?"

மாற்றுவதா, தொடர்வதா என்பதைப் பிள்ளையும் குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைக்கு மரபியல் வரவில்லையா, அல்லது அதைப் படிக்கும் முறை பிடிபடவில்லையா? இரண்டும் வேறு வேறு. இரண்டாவதுதான் காரணம் என்றால், அதைச் சரிசெய்யச் செமஸ்டரில் இன்னும் நேரம் இருக்கிறது.

வண்ணக் கோடு செய்யும் மாயம்

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு கட்டுரையை நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது. அடுத்த மூன்று சுற்றிலும் தாளை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதியது.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவே முந்தியது: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். நான்கு சுற்றும் வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவிருந்தது. மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 61. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள்.

லாபிஸ் அக்காவின் மகள் மாட்டிக்கொண்ட இடமும் இதுவாகத்தான் இருக்கும். கோடு போட்ட பக்கத்தை மறுபடி பார்க்கும்போது எல்லாம் தெரிந்த முகமாகத் தோன்றும். தெரிந்த முகம் வேறு, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிவது வேறு. கல்யாண வீட்டில் நமக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு. சிரித்துக்கொண்டே எதிரில் வருகிறவரை நன்றாகத் தெரியும். பெயர்தான் வாயில் வராது. தேர்வு கேட்பது அந்தப் பெயரை.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்றாலும் மரபியலில் அடி பலமாக விழும். ஏனென்றால் அது பார்வைக்கு உயிரியல், நடப்பிலோ கணக்கு. செல்லின் பாகங்களை மனப்பாடம் செய்து எஸ்பிஎம்மில் ஏ வாங்கிய பிள்ளை, அதே பழக்கத்தோடு இங்கே வருகிறது. இங்கே கேள்வித்தாள் "மெண்டலின் முதல் விதியை எழுதுக" என்று கேட்பதோடு நிற்பதில்லை. இதுவரை பார்த்திராத ஒரு செடியைக் கொடுத்து, இதன் பெற்றோர் யார் என்று கேட்கிறது.

வீட்டு வாசலில் ஒரு பாடம்

லாபிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு ஆய்வகமே வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும் சாலைகளில் வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். ஒரு செம்பனைப் பழத்தை நடுவில் வெட்டினால் வெளியே ஆரஞ்சு நிறச் சதை, உள்ளே ஓடு, அதற்குள் பருப்பு. மரபியலின் முதல் மூன்று வாரப் பாடம் அந்த ஓட்டில் இருக்கிறது.

ஓடு தடித்த இனத்துக்கு டூரா என்று பெயர். ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் இனக்கலப்பு செய்தால் வரும் பிள்ளைகள் அத்தனையும் மெல்லிய ஓடுடைய தெனெரா. ஓடு மெலிந்தால் சதை கூடும். எண்ணெய் சதையில்தான் இருக்கிறது. தெனெரா டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். பிசிஃபெராவோ பெரும்பாலும் காய் பிடிக்காத மரம். அதனால் மகரந்தம் கொடுக்கும் தந்தையாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஓட்டை ஒரே ஒரு மரபணு ஆள்கிறது என்பதை 1941இல் பெல்ஜிய கொங்கோவில் பணியாற்றிய பெய்ர்நெர்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் காட்டினார்கள். அந்த மரபணு எது என்பதை 2013இல் நம் நாட்டின் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், அமெரிக்க நிறுவனமான ஓரியன் ஜெனோமிக்ஸுடன் சேர்ந்து கண்டுபிடித்து 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டது. ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகிய நம் நாட்டு அறிவியலாளர்கள் அந்தக் குழுவின் முன்வரிசையில் இருந்தவர்கள். பழம் வரும்வரை ஏறக்குறைய மூன்று ஆண்டு காத்திருந்த இடத்தில், நாற்றங்காலிலேயே இலைத் துணுக்கைச் சோதித்து மரத்தின் வகையைச் சொல்ல முடிகிறது.

இப்போது நோட்டை மூடிவிட்டு ஒரு கணக்கு. ஒரு சிறுதோட்டக்காரர் காசை மிச்சப்படுத்த நினைக்கிறார். தன் தோட்டத்துத் தெனெரா மரத்தடியில் விழுந்த பழங்களை முளைக்கப்போட்டு, ஒரு ஹெக்டேரில் 136 கன்று நடுகிறார். சுற்றிலும் தெனெரா மரங்கள்தான். என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு தெனெராவிடமும் தடித்த ஓட்டுக்கான பிரதி ஒன்று, ஓடில்லாமைக்கான பிரதி ஒன்று. தாயிடமிருந்து ஒன்று வரும், தந்தையிடமிருந்து ஒன்று வரும். நான்கு கட்டம் போட்டுப் பாருங்கள். கால் பங்கு டூரா, பாதி தெனெரா, கால் பங்கு பிசிஃபெரா. 136இல் சராசரியாக 34 மரம் தடித்த ஓடு, 68 மரம் நல்ல மரம், 34 மரம் காய்க்காத மரம். உரமும் கூலியும் 136க்கும் ஒன்றுதான். கெட்டது தெரியவரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும்.

பாடப்புத்தகத்தில் 3:1 என்று மனப்பாடம் செய்த மாணவர் இங்கே 3:1 என்றே எழுதுவார். மெண்டலின் பட்டாணியில் ஒரு பண்பு இன்னொன்றை முழுவதும் மூடி மறைத்தது. அதனால் இரண்டே தோற்றம். செம்பனை ஓட்டில் யாரும் யாரையும் முழுவதும் மறைக்கவில்லை. நடுத்தரமான மூன்றாவது தோற்றம் வந்தது, அதனால் 1:2:1. இந்த வித்தியாசத்தை நூறு முறை வாசிப்பதைவிட ஒரு முறை கட்டம் போட்டுத் தடுக்கி விழுவது மேல்.

இன்னும் ஒரு படி. அந்தத் தோட்டக்காரர் விதைக்கு எடுத்த பழங்களை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் மெல்லிய ஓடு. அப்படியிருந்தும் ஏன் ஏமாந்தார்? ஓடு தாய் மரத்தின் உடம்பு. உள்ளே இருக்கும் கருதான் குழந்தை. பழத்தை வெட்டும்போது நாம் பார்ப்பது தாயின் குணத்தை. பிள்ளையின் குணம் பருப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மெண்டல் பார்த்த உருண்டை, சுருங்கல் பட்டாணி அப்படி அல்ல. அங்கே விதையின் வடிவமே பிள்ளையின் குணம். பார்ப்பது தாயையா, பிள்ளையையா என்று கேட்கத் தெரிந்த மாணவருக்கு மரபியல் புரியத் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

மூன்று மொழி, ஒரு தலை

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அதை வெளியே சொல்வது குறைவு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'பெவாரிசான்' என்று இதே பாடத்தைப் படிக்கிறது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். ஒவ்வொரு படியிலும் சொல் மாறுகிறது. பொருள் கூடவே வந்ததா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. "ரிசசிவ் என்றால் பலவீனமானது" என்று எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். அது பலவீனம் இல்லை. துணைப் பிரதி மூடிவிட்டதால் வெளியே தெரியாமல் இருப்பது. தமிழில் ஒடுங்கிய பண்பு என்பார்கள். ஒடுங்கியிருப்பது அழிந்து போகவில்லை. சமயம் வந்தால் எழுந்து நிற்கும்.

அதனால் ஒரு வேலை. பாடத்தின் முக்கியமான முப்பது, நாற்பது சொற்களுக்கு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ஆங்கிலம், மலாய், தமிழ். நான்காவதாக ஒரு பத்தியில், அகராதி விளக்கத்துக்குப் பதில் ஓர் எடுத்துக்காட்டு. 'ஒடுங்கிய பண்பு' என்பதற்கு எதிரே 'சுருங்கிய பட்டாணி' என்று எழுதினால் போதும்.

வீட்டில் கேட்கும் கேள்வி

இந்தப் பாடம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. "எங்க ரெண்டு பேர் குடும்பத்திலயும் யாருக்கும் இல்லையே, பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" தலசீமியா என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி அது. அடுத்து மருமகள் பக்கம் விரல் நீளும். பரம்பரை நோய் என்றால் தலைமுறைதோறும் கண்ணுக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம்.

இரு பெற்றோரும் எந்தக் குறையும் தெரியாமல் தலா ஒரு பிரதியைச் சுமப்பவர்களாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய் வர கால் பங்கு வாய்ப்பு. கொடுத்தவர்கள் இருவரும்தான், யார் மீதும் பழி இல்லை. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று கணக்குப் போடுவதும் தவறு. இயற்கை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குகிறது. நான்காம் படிவ மாணவர்களுக்கு 2016 முதல் நம் நாட்டில் தலசீமியா இரத்தப் பரிசோதனை நடப்பது, திருமண வயதுக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இதை வீட்டில் நிதானமாக எடுத்துச் சொல்லப்போகிறவர் யார்? பெரும்பாலான குடும்பங்களில் அது அந்த முதலாமாண்டு மாணவியாகத்தான் இருக்கும். அவருக்கு இது தேர்வுக்காக விழுங்கிய வரியாக இருக்கக் கூடாது.

கால் பங்கு என்றால் என்ன என்று கையால் உணர ஒரு வழி சொல்கிறேன். இரண்டு கிண்ணம் எடுங்கள். இரண்டிலும் பச்சைப்பயறும் கறுப்பு உளுந்தும் சரி பாதி போட்டுக் கலக்குங்கள். பார்க்காமல் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு மணி எடுத்து, சோடியைக் குறித்துக்கொண்டு, மறுபடி போட்டுவிடுங்கள். எட்டு முறை எடுத்தால் இரண்டும் கறுப்பாக வருவது ஒரு தடவையும் இல்லாமல் போகலாம், நான்கு தடவையும் வரலாம். இருநூறு முறை எடுத்தால் ஐம்பதை ஒட்டி வரும். மெண்டல் விதை வடிவத்துக்காக எண்ணியவை 7,324 பட்டாணி. உருண்டை 5,474, சுருங்கியது 1,850. சரியாக 3:1 என்றால் 5,493க்கு 1,831 வந்திருக்க வேண்டும். வித்தியாசம் 19. அந்த 19 தற்செயலா, இல்லை நம் கருத்தே பிழையா என்று கேட்பதுதான் மாணவர்கள் பயப்படும் கை-ஸ்குவேர் சோதனை. கிண்ணத்தில் கைவிட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சூத்திரம் எதற்கு என்று தெரிந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு ஒரு திட்டம்

விரிவுரை நடந்த அன்று மாலை: வெள்ளைத்தாள் ஒன்று, பத்து நிமிடம். நோட்டைத் திறக்காமல் நினைவில் இருப்பதை எழுதுங்கள், படம் போடுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். அந்த வேறு மைதான் நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம். மற்றதை மறுபடி வாசித்து நேரம் போக்க வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து: ஐந்து கணக்கு. விடையைப் பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போட்டதாகாது. இப்போது கைப்பேசியில் கேட்டால் நொடியில் படிப்படியான விடை வந்துவிடுகிறது. நாமே பத்து நிமிடம் முட்டி மோதிய பிறகு பார்த்தால் அது ஆசிரியர். அதற்கு முன் பார்த்தால் இன்னொரு வண்ணக் கோடு.

வார இறுதியில்: பழைய பாடமும் புதிய பாடமும் கலந்த கணக்குகள். இது முக்கியம். அத்தியாயத்தின் முடிவில் இருக்கும் கணக்குகளுக்கு, எந்த வழியில் போட வேண்டும் என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. ஒரு மரபணுவா, இரண்டா? பாலினக் குரோமோசோமோடு போகிறதா? 9:3:3:1 வர வேண்டிய இடத்தில் 9:7 வந்தால் இரண்டு மரபணுக்கள் ஒரே வேலையில் கைகோத்திருக்கின்றனவா? இந்த வகைபிரிப்புக்கே தனிப் பயிற்சி வேண்டும். பழைய தேர்வுத்தாள்களை எடுத்து, விடை எழுதாமல், ஒவ்வொரு கேள்வியும் எந்த வகை, ஏன் என்று ஒரு வரி மட்டும் எழுதிப் பாருங்கள். அரை மணியில் இருபது கேள்வி பார்த்துவிடலாம்.

செல் பிரிதலின் படங்களும் அப்படித்தான். குரோமோசோம்களை அழகாக வரையும் மாணவர்கள் பலர் அதன் மேல் மரபணுவின் எழுத்தைப் போடுவதில்லை. இரண்டு நிறக் கம்பளி நூலை மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் எழுத்தை ஒட்டி, பிரித்துப் பாருங்கள். நான்கு கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் விளங்கும்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இரண்டு மணிவரை ஒரே மூச்சில் படிப்பதைவிட, அதே நேரத்தை நான்கு நாளாகப் பிரித்துக்கொள்வது பலன் தரும். இடையில் கொஞ்சம் மறப்பது நல்லதுதான். மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் நினைவு ஆழமாகப் பதிகிறது. வேலை பார்த்துக்கொண்டே தொழில்முறைத் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கும் இதே கணக்குதான்.

பெற்றோருக்கு

"படிச்சியா?" என்ற கேள்வியை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். அதற்கு "ம்" என்ற பதில்தான் வரும். "இன்னைக்குப் படிச்சதுல ஒண்ண எனக்குப் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு மரபியல் தெரிய வேண்டியதில்லை. புரியாத இடத்தில் "அது எப்படி?" என்று கேட்டால் போதும். பிள்ளை திணறும் இடம்தான் படிக்காத இடம். தோட்டத்தில் குலை வெட்டும் அப்பாவிடம் கேட்டால், ஓடு தடித்த மரத்தைப் பற்றி விரிவுரையாளருக்குத் தெரியாத செய்திகூடக் கிடைக்கலாம்.

லாபிஸ் அக்காவுக்கு என் பதில் இதுதான்: நான்கு வாரம் இப்படிப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனைத்தாளை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில், எந்த அடியில் வழி தவறியது என்று கேட்கட்டும். அதன் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் துறை மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'நமக்கு இது வராது' என்ற பக்கத்து வீட்டுச் சொல்லை நம்பி மாற வேண்டாம். மரபியலின் தந்தை என்று சொல்லப்படும் மெண்டலே 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர்தான்.

இந்த வாரக் கணக்கு, வீட்டில் எல்லாருக்கும். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், அலமாரியில் பாச்சை உருண்டை போடாதீர்கள் என்று தாதியர் சொல்லி அனுப்புவார்கள். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். மகளுக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. ஒரு பெண்ணின் அப்பாவுக்கு இந்தக் குறைபாடு இருந்தது. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. கணவருக்கும் குறைபாடு இல்லை. இவர்களுக்குப் பிறக்கும் மகனுக்கு அது வர எவ்வளவு வாய்ப்பு? மகளுக்கு?

யாரிடமும் கேட்காமல், தாளில் போட்டுப் பாருங்கள். விடை அடுத்த ஞாயிறு.